தாத்தாவின் பிக்கப்புக்கு வேறு சேசிஸ் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரியை அடுத்த ஓர் ஊரில் தேயிலையும் மலைக்காய்கறியும் பயிரிட்டு வருகிறோம். 1961-இல் என் தாத்தா வாங்கிய வில்லிஸ் பிக்கப் ஒன்று எங்கள் கொட்டகையில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறது. முகப்பும் கேபினும் சரக்குத் தொட்டியும் இன்னும் உறுதியாக உள்ளன. சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், பின்பகுதியில் துரு ஏறிவிட்டது. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. என் மைத்துனரிடம் விபத்தில் கூரை நசுங்கிய 2012-ஆம் ஆண்டு ஸ்கார்பியோ ஒன்று இருக்கிறது. அது சரிப்படாவிட்டால், பின்பக்கம் அடிபட்ட செடான் கார் ஒன்றைத் தர நண்பர் தயாராக இருக்கிறார். இவற்றில் ஒன்றின் சேசிஸ்மேல் பிக்கப்பின் பாடியை ஏற்றிவிட்டால் பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், டர்போ டீசல் எல்லாம் ஒரே வேலையில் கிடைத்துவிடும் என்று சமவெளியில் உள்ள பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி மூட்டைகளோடு இந்த வண்டியில் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. செய்யலாமா? எந்தக் காரை எடுப்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

தாத்தா ஓட்டிய வண்டி மறுபடியும் மலை இறங்கி ஏற வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. குன்னூரில் 32 ஆண்டுகளாகப் பட்டறை நடத்தி, எஸ்டேட் ஜீப்புகளோடும் பழைய லாரிகளோடும் காலம் கழித்தவன் என்ற முறையில் அந்த ஆசையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் உங்கள் கேள்விக்கு என் பதில், இரண்டு காரும் வேண்டாம் என்பதே. உங்கள் பிக்கப்பில் முதலில் காப்பாற்ற வேண்டியது நீங்கள் கழற்றி எறிய நினைக்கும் அந்தச் சேசிஸ்தான். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லிவிட்டு, அதைச் சரிசெய்யும் வழியையும் எழுதுகிறேன்.

செடான் காரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதில் தனிச் சேசிஸ் என்று ஒன்று கிடையாது. அடித்தகடு, பக்கத் தூண்கள், கூரை, முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, முழு உடலும் ஒரு பெட்டிபோல் நின்று பாரத்தைத் தாங்குகிறது. கூரையையும் தூண்களையும் வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சும் அடித்தகடு, மூடியைக் கிழித்த அட்டைப்பெட்டி போலத் துவண்டுவிடும். அதன்மேல் பிக்கப் கேபினை வைத்து எத்தனை இரும்புக் குழாய் கொடுத்து வலுவேற்றினாலும், கதவுகள் ஒரு மாதம்கூட ஒழுங்காகச் சாத்தாது.

ஸ்கார்பியோவுக்குத் தனிச் சேசிஸ் உண்டு என்பதால் பட்டறைக்காரர் சொல்வது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அளவுகளைப் பாருங்கள். வில்லிஸ் பிக்கப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 118 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,997 மில்லிமீட்டர், ஸ்கார்பியோவுக்கு 2,680. ஓர் அடிக்குமேல் வித்தியாசம் இருக்கிறது. பாடியை அப்படியே ஏற்றினால் முன்சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவிலோ, பின்சக்கரம் தொட்டியின் வளைவிலோ, ஏதேனும் ஒன்றுதான் பொருந்தும். இரண்டும் பொருந்த வேண்டுமானால் சேசிஸை நடுவில் வெட்டி நீட்ட வேண்டும், அல்லது தாத்தாவின் தொட்டியை வெட்டிச் சுருக்க வேண்டும். நீட்டிய சேசிஸில், பின் அச்சுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக் பைப், கை பிரேக் கேபிள், ஒயரிங் எல்லாவற்றையும் நீட்டியாக வேண்டும். வில்லிஸின் முகப்பு ஒடுக்கமானது. டர்போ டீசலுக்குத் தேவையான ரேடியேட்டர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஏ.சி. கண்டென்சர் மூன்றையும் அதற்குள் திணித்தால் காற்றோட்டம் போதாமல், பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போதே எஞ்சின் கொதிக்கும். ஸ்கார்பியோவின் பின்பக்கம் ஆட்கள் அமர்ந்து போகத் தக்கபடி சுருள் ஸ்பிரிங்கோடு அமைந்தது. கேரட் மூட்டைகளை நாள்தோறும் ஏற்றுவதற்கு உங்கள் பிக்கப்பின் பட்டை ஸ்பிரிங்தான் ஏற்றது.

இந்த வேலையை நானே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. பட்டறை தொடங்கிய சில ஆண்டுகளில், தோட்டக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு பழைய ஜீப் ட்ரக்கின் கேபினை வேறொரு வண்டியின் சேசிஸ்மேல் ஏற்றிக் கொடுத்தேன். வேலை முடிந்து நின்றபோது பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எட்டு மாதம் கழித்து, இடதுபக்கக் கதவு வளைவுகளில் தானாகத் திறந்துகொள்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். பூட்டைத்தான் முதலில் சந்தேகித்தேன். பிறகு வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்திக் கீழே இறங்கிக் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, கேபினைத் தாங்குவதற்காக நான் புதிதாகச் செய்து பற்றவைத்த பிராக்கெட் நான்கில் இரண்டு, வெல்டிங் ஓரமாகவே மயிரிழை போல விரிசல் விட்டிருந்தன. மூன்றாவதில் விரிசலுக்குள் என் நகம் நுழைந்தது. கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் ஏறி, மறு சக்கரம் இறங்கும்போதெல்லாம் சேசிஸ் ஒரு பக்கமும் கேபின் மறுபக்கமும் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த முறுக்கு முழுவதும் என்னுடைய நான்கு பிராக்கெட்டுகளில் இறங்கியிருக்கிறது. நிறுவனம் ஒரு சேசிஸை வடிவமைக்கும்போது எந்த இடத்தில் ரப்பர் புஷ் வைப்பது, எந்த இடம் நெகிழலாம், எந்த இடம் நெகிழக் கூடாது என்று அந்தப் பாடிக்காகவே கணக்கிட்டு அமைக்கிறது. வேறு பாடிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அந்தக் கேபினை என் செலவில் கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வேலையை நான் ஏற்றதில்லை.

அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக் கிடைக்கும் என்பதுதான் உங்களை மிகவும் ஈர்த்திருக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மலையில் வாழ்பவர் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். சரக்கோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், பச்சைத் தண்ணீர் 80 லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் எஞ்சினும் காற்றும் சாலையும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் பிரேக்கில்தான் சூடாக மாறுகிறது. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். மேல் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து பிடிப்புக் குறையும், எண்ணெய் கொதிக்கும். இங்கே நம் மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது அதற்குரிய குறைந்தபட்ச அளவு. ஈரம் ஏறிய நிலையில் அதே அளவு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஒன்பது ஆண்டுகள் நின்ற உங்கள் வண்டியில் இருக்கும் எண்ணெயை ஒரு சொட்டுகூட விடாமல் வடித்துவிட வேண்டும்.

ஆனால் பாடி மாற்றிய வண்டியில் டிஸ்க் பிரேக் இருந்தும் வேறோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதைப் பல பட்டறைக்காரர்கள் கவனிப்பதில்லை. பிரேக் மிதிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரங்களின் அழுத்தம் குறையும். எனவே முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரேக் விசையைப் பகிர்ந்து கொடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஏ.பி.எஸ். என்னும் மின்னணுப் பிரேக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் அதைக் கணினி செய்கிறது. இல்லாத பல வண்டிகளில் ஒரு வால்வு செய்கிறது. இரண்டும் அந்தந்த வண்டியின் எடை எந்த அச்சில் எவ்வளவு விழுகிறது என்பதை வைத்து அமைக்கப்பட்டவை. ஸ்கார்பியோவின் பின்பக்கத்தில் கூரை, இருக்கைகள், பின்கதவு என்று எப்போதும் ஓர் எடை இருக்கிறது. அதை நீக்கிவிட்டு வெறுந்தொட்டியை வைத்தால், மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு நீங்கள் திரும்பும்போது பின்பக்கம் மிக இலேசாக இருக்கும். பிரேக் அமைப்போ பழைய எடை இருப்பதாகவே எண்ணி விசையைக் கொடுக்கும். மழையில் நனைந்து, யூகலிப்டஸ் சருகு ஒட்டிக் கிடக்கும் வளைவில் சற்று அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும்; வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் சுழலும். முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் உணர்ந்து மிதியைத் தளர்த்த ஒரு கணமாவது கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினால் அந்தக் கணம் கிடைப்பது அரிது. சமவெளியில் உள்ள பட்டறை வாசலில் ஓட்டிக் காட்டும்போது இது எதுவும் தெரியவராது.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் வகையை மாற்றும் கிட் பொருத்துவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைப்பதற்கும் என்று சில விதிவிலக்குகள் மட்டுமே அதில் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அப்படியே உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. ஒரு வண்டியின் அடையாளம் சேசிஸில் குத்தப்பட்ட எண்ணில்தான் இருக்கிறது. பிக்கப் பாடிக்குக் கீழே ஸ்கார்பியோ எண் இருந்தால், உங்கள் தாத்தாவின் ஆர்.சி. புத்தகம் இல்லாத ஒரு வண்டிக்கான காகிதமாகிவிடும், ஸ்கார்பியோவின் ஆர்.சி. பயணிகள் காருக்கானது, அதில் தொட்டி கிடையாது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று கணக்கு முடித்திருந்தால் அந்தப் பதிவே நீக்கத்துக்கு உரியது. எண்ணை வெட்டி எடுத்து மாற்றி ஒட்டித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால், அவரிடம் மறுபேச்சுப் பேசாமல் வந்துவிடுங்கள். அது குற்ற வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். இவ்வாறு மாற்றிய வண்டியால் வழியில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், இழப்பீட்டுத் தொகை உங்கள் நிலத்தின்மேல் வந்து விழக்கூடும் என்பதே எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துகிறது.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் சேசிஸ் உண்மையில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். வண்டியைச் சம தரையில் மரக்கட்டைகளின்மேல் உறுதியாக நிறுத்தி, அடிப்பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். கால் கிலோ சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முன் பம்பரிலிருந்து தொடங்கி ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே பின்னால் வாருங்கள். நல்ல இரும்பு கோயில் மணி போல ‘ணங்’ என்று கணீரென ஒலிக்கும். துரு தின்ற இடம் ‘தொப்’ என்று ஈர மண்ணைத் தட்டியது போல ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு வட்டத்துக்குள் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், மேல்துரு மட்டும் உதிர்ந்து அடியில் வெள்ளி போல இரும்பு தெரிந்தால் சுரண்டிப் பூசினால் போதும். குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேரும் மூலைகளையும், பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகளின் மேற்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அங்கேதான் அப்பிக்கொண்டு வருடக்கணக்காக ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். நான் பார்த்த பழைய பிக்கப்புகள் பலவற்றில் கேபினுக்குக் கீழுள்ள சட்டம் நன்றாக இருந்து, கடைசி இரண்டு அடி மட்டுமே போயிருந்தது. உங்கள் கடிதத்தில் உள்ள விவரமும் அதையே காட்டுகிறது.

அடுத்து, சேசிஸ் சட்டம் கோணலாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கத்திலும் முன் ஸ்பிரிங் பிராக்கெட்டின் போல்ட் மையத்திலிருந்தும், பின் பிராக்கெட்டின் போல்ட் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, முன் இடது புள்ளியிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடித்து அளந்தால், இரண்டும் ஆறு மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால் அறுபது ஆண்டு பழைய சட்டம் இன்னும் நேராக நிற்கிறது என்று பொருள். அதைக் குப்பைக்கு அனுப்ப எந்தக் காரணமும் இல்லை.

துரு தின்ற பகுதியை வெட்டிப் புதிய துண்டு சேர்க்கும்போது, அதே கனமுள்ள இரும்பைப் பழைய சட்டத்தின் வடிவத்திலேயே மடித்துச் செய்யச் சொல்லுங்கள். இணைப்பை நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்ட வேண்டும்; அப்போதுதான் வெல்டிங் முழுவதும் ஒரே கோட்டில் விசையை வாங்காது. மேலே கொடுக்கும் வலுத்தகடு சட்டத்தின் நிற்கும் முகத்தில் அமைய வேண்டும். அதன் முனைகள் சாய்ந்து முடிய வேண்டும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் குறுக்காக வெல்டிங் கோடு இழுக்கவோ, அவற்றில் துளை போடவோ விடக் கூடாது. பாரத்தில் அதிகம் இழுபடுவதும் அமுங்குவதும் அந்த விளிம்புகள்தான், விரிசல் அங்கேதான் பிறக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். சேசிஸ் எண் குத்தப்பட்ட இடத்தில் கிரைண்டர் படாதபடி முதலிலேயே துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

பிரேக்கில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய நன்மை இருக்கிறது. அந்தக் காலத்து ஏற்பாட்டில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒரே வழியில் போகிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரிந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தினால் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும். குழாய்கள், ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். டிரம்களை லேத்தில் கொடுத்து வட்டம் பார்த்து, லைனிங் புதிதாக ஒட்டுங்கள். டாட் 4 எண்ணெய் ஊற்றி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கை பிரேக் சக்கரத்தில் இல்லாமல் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும் வகையாக இருந்தால், ஷாஃப்டின் ஜாயின்ட் தேய்ந்தால் கை பிரேக்கும் போய்விடும் என்பதால், சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டாம். இருக்கை பெல்ட்டைக் கேபின் தகட்டில் போல்ட் செய்தால் இழுவையில் தகடு கிழிந்து வந்துவிடும்; சட்டத்தோடு சேரும் வலுத்தகட்டில் பொருத்துங்கள். வேலையைத் தொடங்குமுன் இவற்றை ஒரு தாளில் எழுதிப் போக்குவரத்து அலுவலகப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி அவருடைய கருத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எஞ்சின் இறுகிக் கிடப்பதாலேயே அது முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து உசுப்ப வேண்டாம், வளையங்கள் உடையும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீள ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் விரலளவு அசைத்துப் பாருங்கள். உங்களுடையது நான்கு சிலிண்டர் எஃப்-ஹெட் பெட்ரோல் எஞ்சின் என்றால், அதன் புகை வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் அவை ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். பக்க மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும். டர்போ வேண்டும் என்ற விருப்பத்தில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் எஞ்சின் அதை உணரும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவை மலைக்குத் தக்கபடி குறைத்து வைத்தால் கரும்புகையும் பிளக் கரியும் போய் இழுவை ஓரளவு திரும்பும். ஏற்றத்தில் மெதுவாகத்தான் வருவீர்கள்.

காகித வேலையைப் பட்டறை வேலைக்கு முன்பே தொடங்குங்கள். உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழைய ஆர்.சி. விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா, பதிவு எந்த வகையில் உள்ளது, எவ்வளவு நிலுவை இருக்கிறது என்று கேளுங்கள். சரக்கு வாகனம் என்று பதிவாகியிருந்தால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கட்டாயம், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 2021-இல் வந்த பழமை வாகன விதிகளை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஐம்பது ஆண்டு கடந்து, சேசிஸோ பாடியோ எஞ்சினோ பெரிதாக மாறாமல் இருக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும் உரியவை அவை. அந்தப் பதிவில் மண்டிக்குச் சரக்கு ஏற்ற முடியாது என்பதால் உங்களுக்குப் பயன்படாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சேசிஸ் வேலையை முடித்து உட்புறம் வரை மெழுகுப்பூச்சு கொடுத்துவிட்டால் நல்லது. சுத்தியல் தட்டிப் பார்த்த வட்டங்களை ஒரு வரைபடத்தில் குறித்து, தூக்குக்குண்டு அளவு இரண்டையும் அதில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டவே கூடாது என்று அதிலேயே கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை அந்தப் பட்டறைக்காரரிடம் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.